பெனால்ட்டி பார்க்காதவள்

மாஸ்டர் இன்னும் திரும்பவில்லை. டை பிரேக்கர், டீமுக்கு ஐந்து பெனால்ட்டி, என்று ரெஃப்ரி கையைத் தூக்கிக் காட்டியாகிவிட்டது, இரண்டு டீம் பையன்களும் நடுவட்டத்தில் தோளில் கை போட்டு வரிசை கட்டிவிட்டார்கள், ரயில் லைன் பக்கத்துக் கோல் போஸ்ட்டை நோக்கி இரண்டு கீப்பர்களும் நடந்து போகிறார்கள், இந்நேரம் எங்கள் கோச் எபி மாஸ்டர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் கயிற்றுப் பக்கம், அதாவது என் பக்கம், திரும்பியிருக்க வேண்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விசிலைப் பல்லில் கடித்தபடி. சிமெண்ட் ரோடு யுனைடெட் ஆட்டத்தில் பெனால்ட்டி என்றால் கோச் திரும்பிக்கொள்வார், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவரும் பந்தைப் பார்க்க மாட்டார், நானும் பார்க்க மாட்டேன், இதுதான் வழக்கம், இதை மாற்ற இன்றைக்கா நேரம் பார்த்தார் மனிதர். இன்றோடு அவர் போகிறார். கோடைக் கோப்பை ஃபைனல், எதிரே பேங்க் டீம், ஒன்றுக்கு ஒன்று, இது முடிந்ததும் மாலை, பேண்டு செட், பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று, அப்புறம் ஓசூரில் மகள் வீடு. கோப்பையோடு போகட்டும் என்றுதான் காலையிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, சாமி படத்துக்கு முன்னால் நின்றாலும் வேறு வேண்டுதலே வாயில் வரவில்லை. அதற்காக நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். பெனால்ட்டியைப் பார்க்காமல் இருப்பது. நான் பார்த்தால் உள்ளே போகாது. அவர் முகம் இருந்தால் பார்க்காமல் இருக்க முடியும், முகத்தை எடுத்துக்கொண்டு முதுகைக் கொடுத்தால் நான் எங்கே பார்ப்பது. முதுகைப் பார்த்தால் முதுகுக்குப் பக்கத்தில் கோல் போஸ்ட் தெரிகிறது. குனிந்துகொள்கிறேன். செருப்பு தெரிகிறது, கயிறு கட்டிய சவுக்குக் கழி தெரிகிறது, யாரோ துப்பிய கடலைத் தோல் தெரிகிறது, போதும், இதையே பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் மகள் நிர்மலா பேங்கில் கணக்குத் திறக்கிற அளவுக்குப் படித்தவள், அவளே சிரிக்கிறாள், "இன்னாம்மா நீ, உன் கண்ணுல இன்னா காந்தமா கீது" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் அப்போது பிறக்கவே இல்லை. அவள் அப்பா பன்னீர் இதே டீமில் ஸ்டாப்பர், பின்னால் நின்று தடுக்கிறவர், கல்யாணமான புதுசு, புதுப்புடவை கட்டிக்கொண்டு மேட்ச் பார்க்க வந்து இதே லைனோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், கடைசி நிமிஷத்தில் பெனால்ட்டி, பன்னீர் பந்தை எடுத்து வைத்தார், நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன், பந்து மேல் கம்பியில் பட்டு ரயில் லைனுக்கே போய்விட்டது. புதுப்பெண் வந்து குந்தியதால்தான் என்று அன்றைக்கே ஒருவன் சொன்னான். பன்னீர் சிரித்தார், மாமியார் சிரிக்கவில்லை. அடுத்த தடவை வேறொருவன் அடித்தான், பார்த்தேன், வெளியே. அதற்கடுத்த தடவை பயந்துபோய் முகத்தைத் திருப்பினேன், திருப்பிய இடத்தில் எபி மாஸ்டரின் முகம் இருந்தது, அவரும் திரும்பி நின்றிருந்தார், என் காதில் ஒரே கூச்சல், கோல். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மற்ற நேரமெல்லாம் ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பேன், ரெஃப்ரியைத் திட்டுவேன், தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் சைகையில் பேசுவேன். பெனால்ட்டி என்றால் மட்டும் அவர் முகம். அக்கா கோலைப் பாக்காது, கோச்சைத்தான் பாக்கும் என்று பையன்கள் தலைமுறை தலைமுறையாகக் கிண்டல் செய்துவிட்டார்கள், கிண்டலில் கொஞ்சம் நாக்கு நீண்டவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் கண்டுகொண்டதில்லை.

விசில். ஓடி வருகிற சத்தம் இங்கே கேட்காது, கேட்பது அதற்குப் பிறகு வருவதுதான். நாகரிகமான கைதட்டல், கொஞ்சம் பேர். பேங்க் டீம் கோல். அவர்களுக்குக் கத்த ஆள் கிடையாது, ஆபீஸ் வேனில் வந்தவர்கள் கல்யாணத்தில் பாட்டுக்குத் தட்டுவது மாதிரி தட்டுகிறார்கள். இப்போது நம் ஆள். செருப்பு, கழி, கடலைத் தோல். பேண்டு செட்காரன் டமடமவென்று அடிக்கிறான், விசில், கூச்சல், நம்ம கோல். அப்பாடா. மாஸ்டர் முகம் எதிரே இருந்திருந்தாலும் அதில் எதுவும் தெரியாது, போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான், கண் மட்டும் சத்தம் வருகிற பக்கம் கொஞ்சம் போய்விட்டு வரும். ஏன் திரும்பிக்கொள்கிறார் என்பதை எனக்குச் சொன்னது ஒரு பழைய கீப்பர். அடிச்சு வெளிய போட்டவன் திரும்பி முதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பான், அந்த நேரம் அதுல இன்னா இருக்கும்னு எனக்கே தெரியாது, அதான் காட்டறதில்ல, என்று மாஸ்டர் அவனிடம் சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை, மரியாதை என்றால் பெரிய வார்த்தை, ஒரு இது. பன்னீர் மஞ்சள் காமாலையில் போனார். காரியம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நேராக இங்கே வந்து இந்த இடத்தில் நின்றேன், தாலி அறுத்தவளுக்கு கிரவுண்டுல இன்னா வேலை என்று பின்னால் ஒரு குரல், எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது, திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்தேன். மாஸ்டர் பெஞ்சிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார், "அந்தம்மா நம்ம டீமு. சவுண்டு உடாம மேட்ச்சப் பாரு." அதற்கப்புறம் அவரும் என்னிடம் பேசியதில்லை, நானும் அவரிடம் பேசியதில்லை, எதிரே வந்தால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷமும் நின்றிருக்கிறேன். அந்த மனிதருக்கு இன்றைக்கு நான் கெடுதல் செய்துவிடக் கூடாது.

மறுபடியும் அந்தக் கல்யாணக் கைதட்டல். இரண்டாவதும் போட்டுவிட்டார்கள். நம் இரண்டாவது. செருப்பு, கழி. சத்தம் வரவில்லை. பேண்டு அடிக்கவில்லை. எங்கோ ஒரு பெண் ஐயோ என்கிறாள், அப்புறம் எல்லோரும் ஐயோ. நான் பார்க்கவில்லையே, சத்தியமாகப் பார்க்கவில்லை, கடலைத் தோலைத்தான் பார்த்தேன். ஒருவேளை ஓரக்கண்ணில் பட்டதோ, ஓரக்கண்ணும் கணக்கோ, இல்லை முகத்தைப் பார்க்காததுதான் காரணமோ, பார்க்காமல் இருந்தால் மட்டும் போதாதோ, அவர் முகத்தையும் பார்க்க வேண்டுமோ. இப்படியெல்லாம் யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும், நான் ஒன்றும் மண்டையில் களிமண் வைத்தவள் இல்லை, தெரிந்துகொண்டேதான் யோசிக்கிறேன். மாஸ்டர், திரும்புங்களேன். வெள்ளைச் சட்டை, முதுகில் வியர்வை, காலர் ஓரம் நைந்திருக்கிறது, வீட்டில் பார்க்க ஆளில்லாத மனிதரின் காலர். தோள் இவ்வளவு ஒடுங்கியதை நான் கவனிக்கவே இல்லை, முகத்தையே பார்த்தவளுக்கு முதுகு எப்படித் தெரியும். ஏன் போகிறார் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. வயசு என்றார்கள், சுகர் என்றார்கள், மகள் கூப்பிடுகிறாள் என்றார்கள். இந்த சீசனில் ஏதோ சரியில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும். கிளமெண்ட் பந்தை எடுத்துக்கொண்டு போகும்போது ஏழுமலை என்று கத்தினார், லெஃப்ட்டில் ஆள் சும்மா நிற்கிறான், ரைட்டில் கொடு என்றார், பையன்கள் மாஸ்டருக்கு மறதி வந்துவிட்டது என்று சிரித்தார்கள். சத்தம்! என்ன சத்தம், பேண்டு வெறி பிடித்த மாதிரி அடிக்கிறது, இப்போது அடித்தது அவர்கள்தானே, நம் கீப்பர் பிடித்துவிட்டான், பிடித்துவிட்டான். தொடர்ந்து இன்னொரு கூச்சல், நம் மூன்றாவது உள்ளே. இரண்டுக்கு இரண்டு. இன்னும் இரண்டு இரண்டு இருக்கிறது, மாரியாத்தா, நான் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டேன்.

"யம்மா."

எடுத்துவிட்டேன். மாஸ்டர் ரெண்டு எட்டு பின்னால் வந்து கயிற்றை ஒட்டி நிற்கிறார், முகம் இன்னும் கோல் பக்கம்தான், பேசுவது என்னோடுதான்.

"இப்ப யாரும்மா போறது?"

"பாக்கல மாஸ்டர். நான் பெனால்ட்டி பாக்க மாட்டேனே. உங்களுக்குத் தெரியாதா."

"ஊருக்கே தெரியும். நானும்தான் பாத்ததில்ல. கடைசி நாளாச்சே, இன்னிக்காவது நின்னு பாத்துடலாம்னு நெனச்சேன்." குரலை இறக்கினார். "ஒண்ணியும் தெரியலம்மா. கோல் போஸ்ட்டே தெரியல. புகை மாரி கீது. கிட்டத்துல ஆளு தெரியுது, தூரம் போச்சு."

மறதி இல்லை, கண். ஒரு சீசன் முழுக்க சட்டைக் கலரையும் கூச்சலையும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்தியிருக்கிறார், நாங்கள் மறதி என்று சிரித்தோம்.

"பசங்களாண்ட சொல்லாத. தெரிஞ்சா அவனுங்க பந்தப் பாக்க மாட்டானுங்க, என்னியத்தான் பாப்பானுங்க. நீ பாத்து சொல்லு."

"நான் பாத்தா போவாது மாஸ்டர். அவரு அடிச்சப்பவே..."

"பன்னீரா?" சிரித்தார், விசில் ஆடியது. "அடிக்கிறப்ப தலையத் தூக்காதடா தூக்காதடான்னு வாயி வலிக்க சொல்லியிருக்கேன். அன்னிக்கும் தூக்கினான். நீ வராத மேட்ச்சுலயும் தூக்குவான். இதுக்கா இத்தினி வருசம் என் மூஞ்சியப் பாத்துனு நின்ன?"

"கோலா இல்லியான்னு சத்தத்துலயே தெரியுமே மாஸ்டர்."

"அது எனக்கும் கேக்குது. அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது. பையன் எப்டி அடிச்சான், அத்தச் சொல்லு."

தலையைத் தூக்கினார், அவ்வளவுதானா. புதுப்புடவை, மேல் கம்பி, மாமியார் முகம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பன்னீர் எப்படி அடித்தார் என்பது ஞாபகத்தில் இல்லை, நான் அதைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை, பயம் மட்டும் போன பாடில்லை, வயிற்றில் அப்படியே இருக்கிறது. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் சரியாக இல்லாவிட்டால்? இன்றைக்குப் பார்த்து நான் கண்ணைத் திறந்து, பந்து வெளியே போய், அவர் வெறுங்கையோடு ஓசூர் பஸ் ஏறினால், மீதி நாளெல்லாம் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. பார்க்க முடியாது என்று சொல்லிவிடலாம், சொன்னால் சரிம்மா என்பார், வற்புறுத்துகிற மனிதர் இல்லை. அப்புறம் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விசிலைக் கடித்துக்கொண்டு, எந்தப் பையன் எந்தக் காலில் அடித்தான் என்று தெரியாமல், கடைசி நாளும் அதுவுமாக. அந்தம்மா நம்ம டீமு என்று சொன்னவருக்கு நான் இதைக்கூடச் செய்ய மாட்டேனா. நிமிர்ந்தேன். கோல் போஸ்ட் எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு பெரிதாக இருக்கிறது. இவ்வளவு பெரிய இடத்தில் எப்படி ஒருவனால் வெளியே அடிக்க முடியும் என்றுதான் முதலில் தோன்றியது.

"அவுங்காளு. குண்டா கீறான். ஓடி வர்றான். லெஃப்ட்டுல, தரையோட. நம்ம கீப்பரு அந்தப் பக்கம் போவல." கல்யாணக் கைதட்டல். மாஸ்டர் தலையை ஆட்டினார். "இப்ப நம்ம கிளமெண்டு. பந்த வச்சிட்டான். ரொம்பத் தூரம் பின்னால போறான்."

"அவ்ளோ தூரம் போவாதன்னு சொன்னேன். தலை?"

"குனிஞ்சிதான் கீறான். வர்றான், வர்றான்... மேல மாஸ்டர், ரைட்டு மூலைல, வலை அப்டியே பொங்கிடுச்சு!"

பேண்டு காதைக் கிழித்தது. நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன், உள்ளே போனது, என் கண் பட்டும் போனது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்குகிறேன், அவர் யார் என்றுகூடத் தெரியாது. இத்தனை வருஷம் எத்தனை அழகான விஷயத்தை விட்டுவிட்டேன். அதற்குள் அவர்களுடைய ஐந்தாவது ஆள் வந்துவிட்டான், ஒல்லிப் பையன், அலட்சியமாக நடந்து வந்து நடுவில் தட்டிவிட்டான், நம் கீப்பர் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறான். சொன்னேன். "நடுவுலயா? தெகிரியக்காரன்" என்றார் மாஸ்டர், எதிரி டீம் பையனை மெச்சுகிறார், இப்படிப்பட்ட ஆள். நாலுக்கு மூன்று. இனி ஒன்றுதான். போட்டால் ஆட்டம் நீளும், போடாவிட்டால் முடிந்தது. நடுவட்டத்திலிருந்து ஏழுமலை வருகிறான், இடது கால்காரன், பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு. வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். நிமிர்ந்து கோலைப் பார்க்கவில்லை, கீப்பரைப் பார்க்கவில்லை, அவ்வளவு தூரத்திலிருந்து இந்தப் பக்கமே பார்க்கிறான்.

"மாஸ்டர், அவன் உங்களத்தான் பாக்கறான்."

"என்னியா?"

"உங்க மூஞ்சியத்தான். அசைய மாட்டேன்றான்."

மாஸ்டர் உடனே திரும்பிவிட்டார். மைதானத்துக்கு முதுகு, கைகள் பின்னால், பல்லில் விசில், எப்போதும் போல, முகம் என் முகத்துக்கு நேரே, நடுவில் ஒரு கயிறு. ஏழுமலையின் தோள் கொஞ்சம் தளர்வது எனக்குத் தெரிந்தது. இந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, கண்ணை இங்கேயே வைத்துக்கொண்டால் பந்து உள்ளே போய்விடும் என்று உள்ளே ஒன்று கெஞ்சுகிறது. அவர் கண்கள் என்னைத்தான் பார்க்கின்றன. கிட்டத்தில் தெரியும் என்று சொன்னார். காத்துக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். விசில். ஏழுமலை ஓடி வந்தான், தலை குனிந்தே இருந்தது, பந்தை விட்டு அந்தத் தலை அசையவே இல்லை, இடது கால், வலது மூலை, தரையோடு, வேகமாக, இதைவிட நன்றாக ஒருவன் அடிக்க முடியாது, பேங்க் கீப்பர் உடம்பை நீட்டிக்கொண்டே போனான், போய்க்கொண்டே இருந்தான், விரல் நுனியில் பட்டுக் கம்பியில் இடித்து வெளியே வந்தது.

யாருமே கத்தவில்லை. அப்புறம் வேன்காரர்களின் கைதட்டல், இந்தத் தடவை எழுந்து நின்று. நான் பார்த்ததால்தான் என்கிற பயம் வரும் என்று காத்திருந்தேன், வயிற்றில் அது இருந்த இடத்தைக்கூடத் தேடினேன், வரவில்லை. அழுகைதான் வந்தது, பையனுக்காக. மாஸ்டரின் முகம் அசையவில்லை, என் முகத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, ஆனாலும் கேட்டார்.

"எப்டி அடிச்சான்?"

"ரைட்டு மூலைல, தரையோட. நல்லா அடிச்சான் மாஸ்டர். அவுங்க கீப்பரு நல்லா பாஞ்சிட்டான், வேற ஒண்ணுமில்ல."

"தலை?"

"தூக்கவே இல்ல."

"தூக்கலியா?" என்றார் இன்னொரு தடவை. விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் ஏதாவது ஒன்று நடந்து நான் பார்த்தது அப்போதுதான், அது சந்தோஷம் என்று அடித்துச் சொல்வேன். "எங்க கீறான் இப்ப?"

"பந்து வச்ச எடத்துலயே குந்திட்டான். மூஞ்சிய மூடிக்கினு கீறான்."

அவர் நடக்க ஆரம்பித்தார், நேராக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நடுவட்டத்துப் பக்கம் சரிந்து, அங்கே மாலையோடு வேறு கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். இத்தனை வருஷத்தில் உள்ளே கால் வைத்ததில்லை, புல்லே இல்லை, வெறும் மண், வெளியிலிருந்து பார்க்கும்போது சமமாகத் தெரிகிற இடமெல்லாம் மேடும் பள்ளமும். முழங்கையைப் பிடித்தேன். ஊர் முழுக்கப் பார்த்தது, நாக்கு நீண்டவர்களும் பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும். இந்தப் பக்கம் மாஸ்டர், பள்ளம், பாத்து, இன்னும் கொஞ்சம் ரைட்டு. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், ரெஃப்ரி ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். பையன் மண்ணில் முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்குகிறான். நான் நின்றேன், மாஸ்டரும் நின்றார்.

"எங்கம்மா?"

"உங்க காலாண்டதான் மாஸ்டர்."

குனிந்தார். கை முதலில் அவன் தோளைத் தொட்டது, பிறகு தடவிக்கொண்டே போய்த் தலையைக் கண்டுபிடித்தது, அங்கேயே நின்றுவிட்டது.

"தலையத் தூக்கலியாமேடா நீ" என்றார். "அக்கா பாத்துச்சாம்."